தகட்டுக்காரி

அவளுக்குக் கண் பவர் பார்த்து முடிக்க எனக்கு ஒரு முற்பகல் முழுக்கப் பிடித்தது. அறந்தாங்கியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர் மூக்கில் சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு, அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, "மொதல்ல இருந்தது நல்லாத் தெரியுதா, இப்ப இருக்கறதா?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. எல்லாரும் பட்டென்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். என் மனம் நோகக்கூடாது என்று "ரெண்டுமே நல்லாருக்குங்க" என்பவர்களும் உண்டு. இவள் மட்டும், "மொதல்ல இருந்தத இன்னொரு தடவ காட்டு" என்பாள். காட்டினால், "இப்ப ரெண்டாவது" என்பாள். அப்புறம், "நெசமாவே மாத்துனியா, இல்ல சும்மா கைய ஆட்டுனியாடி?" என்பாள்.

வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து எதிர்ச்சாரிக் கடைக்கே போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"ஆமான்னோ இல்லன்னோ சொல்லித் தொலையேன்டி."

"சொல்லிரலாம். தப்பாச் சொல்லிட்டா அதப் போட்டுக்கிட்டு நான்தான நடக்கணும்."

அதில் நியாயம் இருந்தது. ஆனால் நியாயமாகப் பேசுகிறவர்களோடு காலம் தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்பது கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. அவள் ஊரிலேயே அந்தப் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. தகட்டுக்காரி என்கிறார்கள், அதையும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. நானும் அவளும் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவள் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கி, மலைமேல் தொலைநோக்கி வைத்திருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குப் போனாள். டாக்டர் என்றதும் ஊரில் முழங்கால் வலிக்கு அவளிடம் மாத்திரை கேட்டார்கள். தான் அந்த டாக்டர் இல்லை என்பதை அவள் விளக்கத் தொடங்கினால், கேட்டவர் வலியை மறந்து எழுந்து போய்விடுவார். அவள் குரலைக் கேட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. அழைத்தால் மணி அடிக்கிறது. எடுப்பதில்லை.

அவள் வேலை இன்னதென்று எனக்குப் புரிந்ததே என் கடையில் கிடந்த கூலிங்கிளாஸால்தான். துபாயிலிருந்து வருகிறவர்கள் போலராய்டு கண்ணாடிதான் வேண்டும் என்று கேட்பார்கள் என்பதால் ஒரு தட்டு நிறைய வைத்திருப்பேன். ஒருநாள் அவள் அதில் இரண்டை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்தாள். வெளிச்சம் தெரிந்தது. மேலே இருந்ததைக் குறுக்காகத் திருப்பினாள். தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் வெளிச்சம் தெரியும், சேர்ந்த இடம் மட்டும் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. பிறகு என் மேஜையில் கிடந்த இனிப்புப் பொட்டலத்தின் ஜவ்வுத்தாளைப் பிய்த்து இரண்டுக்கும் நடுவில் செருகி, மெல்லத் திருப்பினாள். தாள் இருந்த இடத்தில் மட்டும் திரும்பவும் வெளிச்சம் வந்தது.

"வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஆடிக்கிட்டுத்தான்டி வரும்" என்றாள். "நட்சத்திரத்துக்கு நடுவுல தூசி கெடக்கு. அந்தத் தூசி வழியா வரும்போது, அது எந்தப் பக்கமா நிக்குதோ அதுக்குத் தக்கன வெளிச்சம் ஒரு பக்கமாக் கொஞ்சம் கோணிக்கிரும். கோணல் எவ்வளவு, எந்தப் பக்கம்னு அளந்தா, தூசி எப்படி நிக்குதுன்னு தெரிஞ்சிரும். நீயும் கண்ணோட கோணலத்தான அளக்கற. சிலிண்டர், ஆக்ஸிஸ்னு எழுதித் தர்றியே, அதே சோலிதான்."

"அந்த ஜவ்வுத்தாள் எதுக்கு?"

"அதான் என் தகடு. கோணலத் திருப்பிவிடுற தகடு. ஆனா நாங்க பாக்கறது கண்ணுக்குத் தெரியிற வெளிச்சம் இல்ல, அகச்சிவப்பு. அனல்னு வச்சுக்கயேன். அதுக்கு ஜவ்வுத்தாள் ஆகாது. வேற சரக்கு வேணும்."

அந்த வெளிச்சத்தை எதற்காகத் திருப்ப வேண்டும் என்று கேட்டேன். அப்போது அவள் சொன்னதுதான் அவளைப் பற்றிய முழு விவரம் என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது. தொலைநோக்கியும் கேமராவும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் கோணலைச் சேர்த்துவிடுமாம். வந்த கோணலில் நட்சத்திரத்துடையது எது, நம் கருவியுடையது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தகட்டைத் திருப்பினால் வானத்திலிருந்து வந்த கோணல் கூடவே திரும்பும். கருவியின் கோணல் திரும்பாமல் அப்படியே நிற்கும். அப்படி நிற்பதைக் கழித்துவிட வேண்டும்.

"மொதல்ல நம்மளோடதக் கழிக்கணும்டி" என்றாள். "அதச் செய்யாம வானத்தப் பத்திப் பேசக்கூடாது."

இதைக் கேட்டு நான் சிரித்தேன். ஏனென்றால் இவள் இதைப் பள்ளிக்கூடத்திலேயே செய்தவள். எட்டாம் வகுப்பில் ஒருத்தியின் புது ஜியாமெட்ரி பாக்ஸ் காணாமல் போய்விட்டது. நாங்கள் எல்லாரும் அடுத்தவர் பையை முறைத்துக்கொண்டிருந்தபோது, இவள் மட்டும் தன் பையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினாள். டீச்சர், "எடுக்காதவ எதுக்கு ஒன் பையில தேடுற?" என்று கேட்டார். "தெரியாம வந்திருக்கலாம்ல டீச்சர்" என்றாள். அந்தப் பாக்ஸ் தொலைத்தவள் வீட்டிலேயே கிடைத்தது. ஆனால் அந்த ஆண்டு முழுக்க எங்கள் வகுப்பில் இவளை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். தன்மேல் தானே சந்தேகப்படுகிறவளை மற்றவர்கள் சந்தேகப்படாமல் இருப்பார்களா? எனக்கு அப்போதே அவளை ஓர் அறை விட வேண்டும் என்றிருந்தது.

தகடு என்ற சொல்லுக்கு வருகிறேன். முதலில் அவள் வீட்டில் 'பிளேட்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறவர். ஊருக்கு வந்தபோது, "இம்புட்டுப் படிச்சுப்புட்டுத் தட்டு செய்யப் போயிருக்கியேத்தா" என்று கேலி செய்தார். அதோடு இவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் தமிழ்ப் பையனையும் சேர்த்துக்கொண்டு, இனிமேல் தகடு என்றுதான் சொல்வது என்று முடிவு செய்தாள். அலைத்தகடு, அரை அலைத்தகடு. தட்டைவிடத் தகடு கௌரவமாக இருப்பதாக அவளுக்குத் தோன்றியிருக்கிறது. தகடு என்றால் நம் பக்கத்தில் வேறு என்ன அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆகாதவர் வீட்டுக்குச் சூனியத் தகடு வைப்பது, வாசலில் தகடு புதைப்பது எல்லாம் கேட்டு வளர்ந்தவள்தான். அதெல்லாம் தன் வீட்டுக்குள் வராது என்று நினைத்துவிட்டாள்.

அண்ணனுக்குக் கல்யாணமாகி வெகு காலம் குழந்தை இல்லை. போகாத கோயில் இல்லை, பார்க்காத வைத்தியம் இல்லை. கடைசியில் மதினி உண்டானாள். அண்ணன் மனைவியை இவள் மதினி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு நானும் மதினி என்றே பழகிவிட்டேன். வளைகாப்புக்கு அண்ணனால் வர முடியவில்லை. இவள் வடக்கே ஒரு பட்டறையில் தகட்டை மெருகேற்றி வாங்கிக்கொண்டு, ஆய்வுக்கூடத்துக்குக் கூடப் போகாமல் நேராக ஊருக்கு வந்தாள். அந்த மாதிரிப் பொருளைக் கூரியரில் அனுப்ப மாட்டார்களாம், கையோடுதான் எடுத்துப் போக வேண்டுமாம். அவள் வந்து இறங்கியபோது நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை. "வந்துட்டியாத்தா" என்று வாசலுக்கு வந்த மதினியை அப்படியே கட்டிக்கொண்டாள். வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். குழந்தை உதைத்தது என்று இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அன்று என்னிடம் தகட்டைக் காட்டினாள். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துணியை விலக்கினாள். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. கண்ணாடி என்று நினைத்திருந்த எனக்குத் திக்கென்றது. கருப்பு. பளபளவென்று மின்னுகிற கருப்பு. ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால் இம்மி வெளிச்சம் அதன் வழியே வரவில்லை. "இது வழியாவா பாப்பீங்க?" என்று கேட்டேன். "நம்ம கண்ணுக்குத்தான்டி இது செவுரு. அனலுக்கு இது ஜன்னல்" என்றாள்.

தொழில் நடத்துகிறவள் நான், கண்ணாடிகளோடேயே வாழ்கிறவள். எனக்கே அதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. வேறு யாரும் அதைப் பார்க்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். ஏன் நினைத்தேன் என்று தெரியாது.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, அவள் அந்த ஆய்வுக்கூடத்துப் பையனோடு போனில் பேசியிருக்கிறாள். மகளுக்குத் துணையாக வந்து தங்கியிருந்த மதினியின் ஆத்தா அதைக் கேட்டிருக்கிறார். இவள் பேசியது இதுதான்: "தகடு வீட்லதான் வச்சிருக்கேன். பீரோவுக்குள்ள, துணி சுத்தி. யாருக்கும் தெரியாது, யாரும் தொடவும் மாட்டாங்க. வந்த வேல முடிஞ்சதும் எடுத்துருவேன்."

ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. அவளே என்னிடம் பிறகு நிறையத் தடவை ஒப்பித்தாள். வளைகாப்பு முடிந்த கையோடு குழந்தை அசையவில்லை என்று மதினியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது, குழந்தை போய்விட்டது. "எதனாலன்னு ஒண்ணக் காட்டிச் சொல்ல முடியாதும்மா. சில சமயம் இப்படி ஆயிரும்" என்றார் டாக்டர். அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் காரணம் சொல்லாமல் விட்ட இடம் காலியாக இருக்காது. அதில் யாராவது வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

மதினிக்கு மாத்திரை வாங்க டவுனுக்கு வந்தவள் என் கடைக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அப்போது மஸ்கட்டிலிருந்து அண்ணன் போன் செய்தார். அவர் குரல் எனக்கே கேட்டது.

"வீட்டுக்குள்ள தகடு வச்சியா நீ?"

"ஆமாண்ணே, பீரோவுல. ஏண்ணே, யாரும் எடுத்துட்டாங்களா?"

இணைப்பு அறுந்துவிட்டது. அவள் சிக்னல் போய்விட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அழைத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அவள் கையிலிருந்து போனை வாங்கி வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அப்புறம், "நான் பொய் சொல்லலையேடி" என்றாள். அதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

மதினியின் ஆத்தா சும்மா இருக்கவில்லை. கிழக்கே கடற்கரைப் பக்கத்திலிருந்து தகடு எடுக்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் வாசலில் தோண்டி, மண்கூடச் சரியாக ஒட்டாத ஒரு செப்புத் தகட்டை எடுத்துக் காட்டினார். எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ, நல்ல கைவேலை. பிறகு பீரோவில் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். "இது வேற எடத்து வேலைங்க. என் கைக்கு அடங்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பயந்தது நடிப்பு இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதன்பிறகு ஊரில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

அவள் என்னைக் கூப்பிட்டாள். "நீ லென்சு வேல பாக்கறவ, நீ வந்து சொன்னாக் கேப்பாங்கடி" என்றாள். போனேன். மத்தியான நேரம். கூடத்தில் கட்டிலில் மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். பக்கத்தில் அவள் ஆத்தா. இது தொலைநோக்கிக்குப் போடுகிற ஒரு வகைக் கண்ணாடி, மந்திரமும் இல்லை மாயமும் இல்லை என்று நான் எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன்.

"கண்ணாடின்னாத் தெரியணும்ல? ஒங்க கடையில இப்பிடிக் கருப்புக் கண்ணாடி இருக்கா?" என்றார் ஆத்தா.

அப்போது இவளுக்கு ஒரு யோசனை வந்தது. டிவி ரிமோட்டை எடுத்தாள். ரிமோட்டிலிருந்து வருவதும் அதே மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்தான் என்றாள். அதன் முனையில் இருக்கும் குட்டிப் பல்பைக் கையால் மூடிப் பட்டனை அழுத்திக் காட்டினாள். டிவி அசையவில்லை. பிறகு கையுறை போட்டுக்கொண்டு, அந்தப் பல்புக்கு நேராகக் கருப்புத் தகட்டைப் பிடித்துப் பட்டனை அழுத்தினாள். டிவியில் சேனல் மாறியது. திரும்ப அழுத்தினாள். திரும்பவும் மாறியது. சீரியலிலிருந்து செய்தி, செய்தியிலிருந்து நகை விளம்பரம். "பாத்தீங்களா, வழி விடுது. ஜன்னல் மாதிரிதான்" என்றாள். அவள் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

நான் மற்ற இரண்டு பேர் முகத்தைப் பார்த்தேன். ஆத்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சுவரோரம் ஒட்டிக்கொண்டார். அத்தனை கருப்பான ஒன்றின் வழியாக எதுவோ போய், அங்கிட்டு இருக்கிற பெட்டியை ஆட்டி வைக்கிறது. அவர்கள் சொன்னதை இவள் தன் கையாலேயே நிரூபித்துக் காட்டிவிட்டாள். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்வானேன்.

மதினி மட்டும் பயப்படவில்லை. அவள் யோசித்தாள். தணிந்த குரலில் கேட்டாள்.

"அப்ப யாரு கண்ணுக்கும் தெரியாம அது வழியா ஒண்ணு போவும்."

"போவும் மதினி. ஆனா வெறும் அனல்தான். அடுப்புக்கிட்ட நின்னா அடிக்கும்ல, அதுதான்."

"எம்புள்ளைக்கு இதனால ஒண்ணும் ஆகலல்ல? இவுக சொல்றதெல்லாம் நான் நம்பல. நீ என்னையப் பாத்து இல்லன்னு சொல்லுத்தா. நீ சொன்னா எனக்குப் போதும்."

எவ்வளவு சுலபமான காரியம். இல்லை மதினி என்று சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டால் முடிந்தது. நான் இவள் விலாவில் இடித்தேன். இவள் யோசித்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. மதினி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், அதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி மதினி."

"கேட்டியா?" என்றார் ஆத்தா. "கம்மிங்கிறா. இல்லங்கல."

மதினி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை இவள் பையோடு என் கடைக்கு வந்துவிட்டாள். இனி வீட்டுப் படி ஏறக்கூடாது என்று அண்ணன் மஸ்கட்டிலிருந்தே போனில் சொல்லிவிட்டார். நான் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு தாய்க்காரி வயிறு எரிந்து கேட்கிறாள், அவளிடம் போய்க் கம்மி, கூட என்று கணக்கு வாசிப்பாயா என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"தகட்டால ஒண்ணும் இல்லடி. அது எனக்குத் தெரியும். பெட்டிக்குள்ள இருக்குற தகடு யாரையும் ஒண்ணும் செய்யாது" என்றாள். "ஆனா அதுல இருக்கறது காட்மியம். விஷம். பட்டறையில அத அரைச்சு மெருகு போடுவாங்க. நான் அங்க நின்னு பாத்துட்டு, அதே சுடிதாரோட ட்ரெயின் ஏறி, அதே சுடிதாரோட வந்து மதினியக் கட்டிப்பிடிச்சேன்."

"அந்தத் தூசியில புள்ள செத்துப்போயிருமா? லூசா நீ?"

"போகாதுன்னுதான் எல்லா ஆராய்ச்சிக் கட்டுரையும் சொல்லுது. அவ்வளவு துளியில ஒண்ணும் ஆகாது. ஆனா என் துணியில எவ்வளவு இருந்துச்சுன்னு நான் அளக்கலையே. வந்த அன்னைக்கே தொவச்சுக் காயப்போட்டுட்டேன். இனிமே அதுல என்ன இருந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுடி."

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஊர் அவள்மேல் போட்ட பழியை அவள் கழித்துவிட்டாள். அவளே தன்மேல் போட்டுக்கொண்டதை எப்படிக் கழிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு போனில் பேசுவாள். மதினி சாப்பிடுகிறாளா, வெளியே நடமாடுகிறாளா என்று விசாரிப்பாள். அந்தத் தகட்டைக் கருவிக்குள் பொருத்திவிட்டார்கள், நன்றாக வேலை செய்கிறது, ஒரு பெரிய தூசி மேகத்தைப் பார்க்கிறோம் என்று ஒருமுறை சொன்னாள். நான் சந்தோஷப்பட்டேன். "ஆனா தகடு திரும்பும்போது உள்ள மோட்டார் ஒரு சின்னச் சத்தம் போடும்டி" என்றாள். "அதக் கேட்டா மதினி அன்னைக்கிக் கேட்டதையே கேக்குற மாதிரி இருக்கு. ஒவ்வொரு தடவ திரும்பும்போதும் கேக்கறா. நான் ரூமவிட்டு வெளிய போயிர்றேன்." கூட இருக்கிறவர்களிடம் சொல்லக் கூடாதா என்றேன். என்னவென்று சொல்வது என்று கேட்டாள்.

அண்ணன் விடுப்பில் வந்துபோன பிறகு மதினி திரும்ப உண்டானாள். அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறந்து இப்போது ஓடியாடுகிறது. அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்களுக்கு மனசு அடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் அப்போது யாருக்கும் அது தெரியாதல்லவா? போன தடவை எத்தனையாவது மாதத்தில் குழந்தை போனதோ, அதே மாதத்தில் மதினி என் கடைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். தலைவலிக்குக் கண் பார்க்கப் போகிறேன் என்று ஆத்தாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நான் சட்டத்தை எடுத்தேன்.

"கண்ணுக்கு ஒண்ணுமில்லங்க" என்றாள். "தூக்கந்தான் இல்ல. படுத்தாப் புள்ள அசையிதா அசையிதான்னு கைய வச்சுக்கிட்டே கெடக்கேன். டாக்டரு திட்றாரு, இப்படி இருந்தாப் பிரஷர் ஏறி இதுவும் நிக்காதுங்கறாரு. ஒங்ககிட்ட அவ நம்பர் இருக்கும்ல?"

"இருக்கு மதினி."

"போட்டுக் குடுங்க. அவ வாயால ஒண்ணு கேக்கணும்."

இவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். துணியைத் துவைத்ததிலிருந்து ஆரம்பிப்பாள். முன்கூட்டியே அவளிடம் சொல்லிவைக்கவும் வழியில்லை, மதினி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். கடவுளே என்று நினைத்துக்கொண்டு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

"நான்தான் ஆத்தா" என்றாள் மதினி. "மாசமா இருக்கேன். பயமா இருக்கு. அன்னைக்கிக் கேட்டதத்தான் இன்னொரு தடவ கேக்கறேன். எம்புள்ளைக்கு ஒன்னால..."

"இல்ல மதினி."

கேள்வி முடியவே இல்லை. அதற்குள் பதில் வந்துவிட்டது.

"என்னாலயும் இல்ல, தகட்டாலயும் இல்ல. நல்லாத் தெரிஞ்சுதான் சொல்றேன். இந்தப் புள்ள நல்லாப் பொறக்கும். நீங்க நிம்மதியாத் தூங்குங்க."

மதினி முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள். தண்ணீர் கொடுத்தேன், சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தாள். "அன்னைக்கே இத சொல்லியிருக்கலாம்லத்தா" என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வாரேன் என்று என்னிடம் சொல்லிக்கொண்டு படி இறங்கினாள். வந்தபோது இருந்ததைவிட நடையே மாறியிருந்தது.

நான் போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்தேன். அவள் இன்னும் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

"இருக்கியாடி?"

"இருக்கேன். போயிட்டாளா?"

"போயிட்டா. சிரிச்சுக்கிட்டே போறா. இன்னைக்கித் தூங்கிருவா."

"சரி."

அவளைப் பாராட்டலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் கேட்டாள். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை, அன்றைக்குப் பிறகும் கேட்கவில்லை.

"நீ சொல்லுடி. என்னால இல்லல்ல?"

"இல்லவே இல்லடி" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"யோசிக்காமச் சொல்றியேடி" என்றாள்.